வெட் கோனீஸின் இரண்டு கேசட்டுகள்

அந்தக் கேசட்டை நான் திருடினேன். கடன் வாங்கினேன், பத்திரமாக எடுத்து வைத்தேன் என்றெல்லாம் இத்தனை வருடம் கழித்துப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை.

என் அத்தை குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு பாரிசுக்குப் போய்விட்டது. அத்தை மகன் மட்டும் விடுமுறை கிடைக்கும்போது வில்லியனூருக்கு வந்து எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்குவார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருமுறை வந்தபோது, இடுப்பில் செருகிக் காதில் மாட்டிக்கொள்ளும் சின்ன டேப்ரிக்கார்டர் ஒன்றோடு வந்தார். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமாப்பா?" என்று அம்மா கேட்டால் தலையை ஆட்டுவார். அது பாட்டுக்கு ஆட்டியதா சாம்பாருக்கு ஆட்டியதா என்று அம்மாவுக்குத் தெரியாது. ஊற்றிவிடுவார். இரண்டு வாரத்தில் மனுஷன் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

அப்படி என்னதான் கேட்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "உனக்குப் புரியாது" என்றார். அந்த இரண்டு வார்த்தைகள் அல்ல பிரச்சினை. அவர் அதைச் சொன்னபோது காதிலிருந்து கருவியைக் கழற்றக்கூட இல்லை. ஊருக்குக் கிளம்பும் நாளன்று அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் பெட்டியில் இருந்த கேசட் டப்பாவிலிருந்து கேசட்டை உருவிக்கொண்டேன். வெறும் டப்பா ஆடுமே என்று எங்கள் வீட்டு முருகன் பக்திப் பாட்டுக் கேசட்டை அதற்குள் வைத்து மூடினேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "மெட்ரோ ரயிலில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு மாட்டினேன். நாதஸ்வரம் கேட்டது. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். எடுத்தது யார் என்று தெரியும். கேட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது" என்று இருந்தது. திட்டவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அப்போது நான் திருபுவனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் வேலை செய்தேன். அச்சிலிருந்து விழும் டப்பாவுக்கு மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். என் எதிரே உட்கார்ந்து மூடி போடுகிற என் தோழி செலியமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கரும்பு போடும் வீட்டுப் பெண். அவளுக்கு ஒரு குணம் உண்டு: சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பொய் சொல்வது என் வேலை என்றால், பக்கத்தில் நின்று தாவணி முனையைக் கடித்துக்கொள்வது அவள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை அவளை வரச்சொல்லி, இருவருமாக எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டோம். முதலில் ஒரு கிடார், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப, ஆழத்திலிருந்து. பிறகு தகர டப்பா மாதிரி டிரம்ஸ். பிறகு ஓர் ஆள். பாடுகிறானா, பல் வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்கிறானா என்று தெரியவில்லை.

"செல்லு போயிருச்சுடி. இழுக்குது பாரு" என்றாள்.

புது பேட்டரி போட்டோம். அப்படியேதான் பாடினான். ஒயரை எடுத்துக் கரண்டில் செருகினோம். அப்படியேதான்.

"அப்போ இவன் பாடுறதே இப்டித்தான்" என்றேன்.

"பாவம்டி" என்றாள்.

கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் எல்லாக் குழுக்களின் பெயரையும் யாரோ மசியால் எழுதியிருந்தார்கள். ஆனால் எப்போதோ தண்ணீர் பட்டு எல்லாம் கரைந்துவிட்டது. மிஞ்சியது இரண்டே வார்த்தை: போஸ்ட், பங்க். வில்லியனூரில் போஸ்ட் ஆபீசும் இருந்தது, பெட்ரோல் பங்க்கும் இருந்தது. "பாட்டு இல்லடி, உங்க வூட்டு அட்ரஸ் எழுதி வெச்சிருக்காரு" என்று அவள் தோளைக் குலுக்கினாள்.

அன்றே அதைத் தூக்கிப் போட்டிருப்போம். ஆனால் திங்கட்கிழமை கம்பெனியில் அச்சு மெஷின் டக்-டக்-ஷ்ஷ் என்று ஓடத் தொடங்கியதும் இருவருமே ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தோம். அதே டிரம்ஸ். மதியத்துக்குள் அவள் அந்தப் பல்வலிக்காரன் குரலில் "மூடி... மூடி... மூடி..." என்று முனகத் தொடங்கிவிட்டாள். நான் "டப்பா" என்று பதில் பாடினேன். சூப்பர்வைசர் வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

நாங்கள் அதுவரை கேட்ட பாட்டில் எல்லாம் பாடுகிறவர்கள் நம்மைக் கெஞ்சுவார்கள், கொஞ்சுவார்கள், நிலாவைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்வார்கள். இவர்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாவது ஷிப்டு முடித்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற ஆளின் முகம் மாதிரி இருந்தது அந்தப் பாட்டு. எனக்கு அது பிடித்துப்போன விதம் எனக்கே ஆச்சரியம். பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்தோம். முதல் ஆள் பல்வலிக்காரன். எங்கோ பாதாளத்திலிருந்து கத்துகிற ஒரு பெண்ணுக்குக் கெணத்தக்கா. டிரம்ஸ் மட்டும் முன்னால் ஓடி, மற்றவர்கள் பின்னால் மூச்சு வாங்க வருகிற குழுவுக்கு மாவு மெஷின்.

ஆனாலும் கேசட் நல்ல நிலையில்தான் இருக்கிறதா என்று ஒரு சந்தேகம். அதற்காகத்தான் பாயிடம் போனோம்.

பாய் என்று நாங்கள் கூப்பிட்டவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா வில்லியனூர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். கடையின் ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, கண்ணாடி போட்டு, மகனுக்கு ரெக்கார்டிங் கடை வைத்துக் கொடுத்திருந்தார். வேண்டிய பாட்டை எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார். துணிக்கடை வாசலில் ஒரு டெய்லர் நாள் முழுக்க மெஷின் மிதித்துக்கொண்டிருப்பார். பாய் மரியாதையான மனுஷர். எங்களைவிடப் பெரியவர், ஆனாலும் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். ஒரே ஒரு குறை: உலகத்தில் தனக்குத் தெரியாத பாட்டு என்று ஒன்று இருப்பதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

"பாய், இந்தக் கேசட்டு கெட்டுப்போச்சா பாருங்க. இழுக்குது."

போட்டுக் கேட்டார். அவர் புருவம் ஏறியதைப் பார்த்தோம். இப்படி ஒன்றை அவர் கேட்டதே இல்லை என்று சத்தியம் செய்வேன். ஒரு பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டு, "கெடல. இது இப்ப வந்திருக்கிற ஸ்டைலு. லண்டன்ல இதான் ஓடுது" என்றார்.

"பேரு இன்னா பாய்?"

கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். "போஸ்ட் பங்க்."

"அதுல எழுதியிருக்கிறதத்தான படிக்கிறீங்க?"

"எழுதியிருக்கிறதப் படிக்காம வேற எதம்மா படிக்கிறது? பங்க்னு ஒரு மியூசிக் இருந்துச்சு. அது முடிஞ்ச பொறவு வந்ததால இது போஸ்ட் பங்க். போஸ்ட்னா பின்னாடி."

வெளியே வந்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. "போஸ்ட்னா பின்னாடியாம்டி! அப்போ போஸ்ட்மேன்னா இன்னா, பின்னாடியே வர்றவனா?"

பாய் சொன்னது சரிதான் என்று அத்தை மகனின் அடுத்த கடிதத்தில் தெரிந்தது. நாங்கள் அதை பாயிடம் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை அம்மா பிரித்துவிட்டார். முறைப்பையன் எழுதியதாயிற்றே, கல்யாணப் பேச்சாக இருக்கும் என்று ஆசையாகப் படித்தால், நான்கு பக்கமும் பேஸ் கிடாரைப் பற்றி. "இந்தப் பையனுக்கு இன்னாடி ஆச்சு?" என்று கவலையோடு கடிதத்தை என்னிடம் கொடுத்தார்.

பாய் எங்கள் கேசட்டைத் தனக்கும் ஒரு காப்பி பதிந்துகொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடையில் பேச்சுதான். எது பழைய குழு, எது புதுக் குழு என்று பாய் பிரித்துச் சொல்வார்.

"பல்வலிக்காரன் பழசு. கெணத்தக்கா புதுசு."

"எப்டி பாய் தெரியும்?"

"சத்தத்துலயே தெரியுதே. பழைய ஆளுங்க கோவமா இருப்பாங்க. புது ஆளுங்க சோகமா இருப்பாங்க."

"மாவு மெஷின்?"

"அவங்களுக்குக் கோவப்படவும் நேரம் இல்ல, சோகப்படவும் நேரம் இல்ல. அவங்க நடுவுல."

இப்படி எதைக் கேட்டாலும் பதில் வருகிற ஆளிடம் பொய்யான கேள்வியைக் கேட்காமல் எத்தனை நாள் இருப்பது?

ஐப்பசி மழை. கடை வாசலில் கால் துடைக்க ஒரு கோணியைப் போட்டிருந்தார்கள். அது நனைந்து சொதசொதவென்று கிடந்தது. என் தோழி அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பிறகு பாயைப் பார்த்தேன்.

"பாய், நீங்க வெட் கோனீஸ் கேட்டிருக்கீங்களா?"

தாவணி முனை அவள் வாய்க்குள் போய்விட்டது. பாய் ஒரு கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"கேக்காம இன்னா? மூணு பேரு குரூப்பு. மொத கேசட்டு நல்லா இருக்கும். ரெண்டாவதுல கோட்டை வுட்டுட்டாங்க."

"ரெண்டாவதுல இன்னா பாய் தப்பு?"

"ரொம்ப சந்தோஷமாப் பாட ஆரம்பிச்சிட்டாங்க."

அன்று பஸ் ஸ்டாண்டு வரை அவள் நடந்து வந்த மாதிரியே தெரியவில்லை, மழையில் குலுங்கிக்கொண்டே வந்தாள். அடுத்த சனிக்கிழமை, அந்த முதல் கேசட்டை எங்களுக்குப் பதிந்து கொடுங்கள் என்று கேட்டோம். பாகூரில் ஒரு வாத்தியார் வாங்கிப் போயிருக்கிறார் என்றார். அதற்கடுத்த வாரம் வாத்தியாருக்கு மஞ்சள் காமாலை. அதற்கடுத்த வாரம் வாத்தியார் தேறிவிட்டார், கேசட்டுக்குத்தான் பூஞ்சை பிடித்துவிட்டது. நாங்கள் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

"பேப்பர்ல போட்டிருந்தாங்க பாய். வெட் கோனீஸ்ல டிரம்ஸ் அடிக்கிறவன் குரூப்ப விட்டுப் போயிட்டானாம்."

"போனதே நல்லதும்மா. எப்பவும் லேட்டாத்தான் அடிப்பான்."

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை. நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால், பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். புத்தம் புதுக் கேசட். உள்ளே நீல மசியில், இங்கிலீஷில், தி வெட் கோனீஸ் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்திருந்தது.

"கோனின்னா இங்கிலாந்துல பூக்குற ஒரு பூ" என்றார்.

வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். போட்டதும் ஒரு ரயில் வண்டி ஓடுகிற மாதிரி தடதடவென்று ஒரு தாளம், அதன் மேல் இரண்டே சுரத்தில் ஒரு கிடார். பிறகு ஓர் ஆண் குரல், இங்கிலீஷில், உணர்ச்சியே இல்லாமல்: வெயிலில் வைக்காதீர்கள். ஈரத்தில் வைக்காதீர்கள். தூசி படும் இடத்தில் வைக்காதீர்கள்.

தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம சும்மா ஒரு பேரு சொன்னோம்டி. அது நெஜமாவே இருக்குதுடி!" அவள் முகத்தில் பயம். கோணியைப் பார்த்து நான் சொன்ன பெயரில் லண்டனில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அது சாதாரண விஷயமா? முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டு இன்னும் நன்றாக இருந்தது. பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், மெல்லிய துணியால் சுத்தம் செய்யுங்கள் என்று அந்தக் குரல் சொல்லச் சொல்ல, எதையோ இழந்தவன் சொல்கிற மாதிரி நெஞ்சைப் பிசைந்தது.

மூன்றாவது பாட்டு முடிகிற இடத்தில் தாளம் திடீரென்று நின்றது. அந்த அமைதியில், தூரத்தில், ஒரு பெண் குரல் கேட்டது.

"பாவாடைக்கு லைனிங் ரெண்டு மீட்டரு கிழிப்பா. பஸ்ஸுக்கு நாழியாவுது."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டோம். லண்டனில் யாரோ பாவாடைக்கு லைனிங் கேட்டார்கள். இன்னொரு முறை ஓட்டினோம். அப்போதுதான் அந்த ரயில் வண்டித் தாளம் புரிந்தது: துணிக்கடை டெய்லரின் மெஷின். அந்தச் சோகமான பாட்டு முழுக்க, டேப்ரிக்கார்டரோடு கொடுக்கிற சின்னப் புத்தகம். பாய் அதைப் பார்த்துப் படித்திருக்கிறார். அன்றைக்கு அவள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். அம்மா சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

நியாயமாக அடுத்த சனிக்கிழமை போய் அவரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்க வேண்டும். அதற்குத்தான் போனோம்.

"பாய், மூணாவது பாட்டு கடைசியில ஒரு லேடி பேசுறாங்களே, அது இன்னா பாஷ?"

பாய் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அது வேல்ஸ் பாஷ. இங்கிலாந்துல ஒரு ஓரத்துல பேசுவாங்க."

"தமிழ் மாதிரியே இருக்குது பாய்."

"எனக்கும் அப்டித்தான் தோணுச்சு."

வாசலில் மெஷின் நின்றது. டெய்லர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே எங்களைப் பார்க்காமல் இருந்தார். பார்க்காமல் இருப்பதற்கு அவ்வளவு பாடுபட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல இருதரப்பிலும் யாருக்கும் மனம் வரவில்லை. வெட் கோனீஸைப் பற்றி வாரா வாரம் விவாதம் நடந்தது. முதல் பாட்டு கொஞ்சம் நீளம் என்றேன் நான். பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "அது அப்டித்தாம்மா இருக்கணும்" என்றார், குரலில் நிஜமான வருத்தத்தோடு. இரண்டாவது பாட்டை நான் பல்வலிக்காரனைவிட அதிகமாகக் கேட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

மறு வருடம் அத்தை மகன் விடுமுறைக்கு வந்தார். வந்த அன்றே பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் அதைக் கவனிக்காத மாதிரி, பாய் கொடுத்த கேசட்டைப் போட்டேன்.

"மாமா, இது யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்."

தலையைச் சாய்த்துக் கேட்டார். அட்டையை எடுத்துப் பார்த்தார். "ஓ, இவங்களா? தெரியுமே. பாரிஸ்ல இவங்க கச்சேரிக்குப் போயிருக்கேன்."

எனக்கு உள்ளங்காலிலிருந்து ஒரு சந்தோஷம் ஏறியது. அதைத் தனியாக வைத்துக்கொள்ள முடியுமா? சனிக்கிழமை தோழியையும் கூட்டிக்கொண்டு அவரைக் கடைக்கு அழைத்துப் போனேன்.

"பாய், இவரு பாரிஸ்ல இருந்து வந்திருக்காரு. வெட் கோனீஸ நேர்ல பாத்திருக்காராம்."

பாய் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ சொல்லி அனுப்பினார். பிறகு முகத்தில் ஒரு பக்தியோடு கேட்டார்: "சார், மேடையில எத்தினி பேரு இருந்தாங்க?"

"நாலு பேரு."

"எங்களுக்கு மூணு பேருன்னுதான் தெரியும்."

"புதுசா ஒருத்தன சேத்திருக்காங்க."

"ஆவட்டும், ஆவட்டும். டிரம்ஸ் அடிக்கிறவரு கையால அடிச்சாரா சார், இல்ல கால்ல மிதிச்சாரா?"

வாசலில் டெய்லர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். தடதடவென்று அந்தத் தாளம் கடைக்குள் வந்துகொண்டே இருந்தது. அத்தை மகன் அதைக் கேட்டார். டெய்லரைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கம்பி மட்டும் மிஞ்சியிருந்த கிடார் ஒன்று சாய்ந்திருந்தது, அதையும் பார்த்தார். தோழி டீ கிளாசை வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

அவர் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் கோபப்படவில்லை. "கால்லதான் மிதிச்சாரு" என்றார் மெதுவாக. "கழுத்துல இஞ்சி டேப்பு மாட்டியிருந்தாரு."

பாய் வெடித்துச் சிரித்தார். டெய்லர் அதைவிட. அன்றுதான் எல்லாம் வெளியே வந்தது. வெட் கோனீஸ் என்று நான் சொன்ன முதல் நாளே தனக்குத் தெரியும் என்றார் பாய். "பேரு சொன்னப்ப உங்க ஃபிரெண்டு நின்னதே கோணி மேலதானம்மா." முதல் நாள் ஏமாந்தார், வாத்தியாருக்குக் காமாலை வந்த பிறகுதான் கண்டுபிடித்தார் என்பது எங்கள் கட்சி. அந்த வழக்கு இன்றைக்கும் தீரவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தை மகன் உண்மையைச் சொன்னார். தான் எந்தக் கச்சேரிக்கும் போனதில்லை என்றார். ஓட்டல் சமையற்கட்டில் தன்னோடு வேலை செய்கிற ஒரு பையன் பதிந்து கொடுத்ததுதான் நான் திருடிய அந்தக் கேசட். ஒருமுறை சம்பளம் வாங்கிய கையோடு டிக்கெட் எடுத்துப் போயிருக்கிறார். வாசலில் நின்ற ஆள் இவரை மட்டும் ஓரமாக நிற்கவைத்து, இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டானாம். "பாட்டு கேக்கன்னு சொல்ல வேண்டியதுதான. அந்த நேரத்துல வாயில வரல. வூட்டுக்கு வந்துட்டேன்."

"இங்க யாரும் கேக்க மாட்டாங்க மாமா. நாளைக்கு வாங்க" என்றேன்.

ஏனென்றால் பாய் அதற்குள் இரண்டாவது கேசட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் வர வேண்டும். பெண்கள் இருவரும் ஆண்களோடு மூடிய கடைக்குள் போவதா என்று செலியமேட்டில் கேள்வி வந்தது. அதனால் தோழியின் அம்மாவே துணைக்கு வந்துவிட்டார். ஒரு முறம் நிறைய வேர்க்கடலையோடு வந்து, துணிக்கட்டுகளுக்கு நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, உரிக்கத் தொடங்கினார்.

டெய்லர் மெஷினை மிதித்தார். பாய் இரண்டு கம்பியை மீட்டினார். அத்தை மகன் தன்னுடைய மெட்ரோ சீட்டின் பின்னால் அச்சிட்டிருந்த விதிமுறைகளைப் பிரெஞ்சில் படித்தார். தோழி பித்தளை டம்ளரைக் கரண்டியால் தட்டினாள். என்னைப் பாடச் சொன்னார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது கம்பெனிச் சுவரில் எழுதியிருந்ததுதான்: மெஷின் ஓடும்போது கை வைக்காதே. தலைமுடியை முடிந்துகொள். பேசாதே. அதைக் கெணத்தக்கா மாதிரி, பாதாளத்திலிருந்து பாடினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த தோழியின் அம்மா, கடலையைக் கீழே வைத்தார்.

"இன்னாடி இது, எழவு வூட்டுல குந்தினாப்பல? வாயத் தொறந்து பாடுடி! சோறு துன்னல?"

பாய் நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினார். நான் இன்னும் சத்தமாகப் பாடினேன். "ஆங், அப்டி!" என்றார் அந்த அம்மா. பிறகு அவரே கடலை முறத்தை எடுத்துத் தாளத்துக்குப் புடைக்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சரசரப்பு மாதிரி ஒரு சத்தத்தை எந்தக் கருவியிலும் எடுக்க முடியாது என்று அத்தை மகன் அடித்துச் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே பிரெஞ்சு படித்தது கேசட்டில் தெளிவாகக் கேட்கும். பத்து நாள் கழித்து அவர் ஊருக்குக் கிளம்பியபோது அதில் ஒரு காப்பி அவர் பெட்டியில் இருந்தது. வைத்ததை இந்த முறை நான் அவரிடம் சொல்லிவிட்டேன்.

பாய்க்குக் குறும்பு அடங்கவில்லை. இரண்டு கேசட்டையும் கடையில் இங்கிலீஷ் பாட்டு வரிசையில் கொண்டுபோய் வைத்தார். ரொம்ப நாள் யாரும் தொடவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நாங்கள் உள்ளே இருக்கும்போது பாகூரைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். முதல் கேசட்டை ஏற்கெனவே பதிந்துகொண்டு போய்க் கேட்டிருக்கிறார். போன வாரம் இரண்டாவதையும்.

"மொத கேசட்டுதாங்க கேசட்டு" என்றார் பாயிடம். "ரெண்டாவதுல கெடுத்துட்டாங்க. ஒரு பொம்பள வந்து கத்துது பாருங்க, சுருதியே இல்ல."

பாய் திரும்பிக்கொண்டு எதையோ தேடினார். தோழியின் தாவணி முனை எங்கே போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

"நீங்க சரியாக் கேக்கலைங்க" என்றேன் நான்.

"நீங்களும் கேட்டிருக்கீங்களா?"

"கேட்டிருக்கேன். அந்தப் பொம்பளைக்கு அது தெரியாம இல்ல. வேணும்னுதான் அப்டிப் பாடுது."

"வேணும்னு பாடுனா மட்டும் நல்லா இருக்குமாங்க? மொத கேசட்டுல அந்த ஆளு எவ்ளோ அடக்கமாப் பாடுறாரு!"

பாயின் முதுகு நிமிர்ந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பாடகி எந்த மாதிரி இடத்தில் வேலை செய்கிறவள், எத்தனை மணி நேரம் நின்றுகொண்டிருப்பவள், அடக்கமாகப் பாட அவளுக்கு என்ன தலையெழுத்து என்றெல்லாம் நான் அவருக்கு விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. முறம் சத்தம் மட்டும் பரவாயில்லை என்றார், அது என்ன கருவி என்று கேட்டார். தென்னமெரிக்காவிலிருந்து வரவழைத்தது என்றாள் தோழி. பாகூர் பஸ் ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை நாங்கள் சண்டை போட்டோம்.